சிகார் சேர்க்கப் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

சிகாரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டதற்குப் போன இதழில் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தேன். ஏன் வேண்டாம், பிறகு எங்கேதான் வைப்பது, முதலில் எதை வாங்குவது என்று அதற்குப் பிறகு ஏகப்பட்ட கடிதங்கள். சரி, இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. புகை பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம், அப்படியே பிடிக்காமலும் இருந்துவிடுங்கள்.

துபாயில் வேலை. நண்பர்களோடு லவுஞ்சுக்குப் போனால் எப்போதாவது ஒரு சிகார், அவ்வளவுதான் என் அனுபவம். இப்போது வீட்டிலேயே முப்பது நாற்பது சிகார் சேர்த்து வைக்க ஆசை. ‘பேசாமல் கியூபாவின் கோஹிபா ஒரு பெட்டி வாங்கு’ என்கிறான் நண்பன். வாங்கலாமா?
– ஆர். எஸ்., துபாய்

வாங்காதீர்கள். கோஹிபா நல்ல சரக்குதான், ஆனால் 2022-இல், கியூபா சிகாரை உலகத்துக்கு விற்கிற ஹபானோஸ் நிறுவனம் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு பிராண்டின் விலையையும் உலகம் முழுக்க ஹாங்காங் விலைக்குச் சமமாக ஏற்றிவிட்டது, அதற்கு மேல் உங்கள் ஊரில் 2017-இலிருந்து புகையிலைக்கு நூற்றுக்கு நூறு எக்சைஸ் வரி வேறு. அந்தக் காசைக் கொட்டி ஒரே மாதிரி சிகாரை ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாவதைப் பிடிக்கும்போது இது நமக்கு ஒத்துவரவில்லையே என்று தெரிந்தால் மீதியை என்ன செய்வீர்கள்?

முதல் ஆறு மாதம் பெட்டியாக எதையுமே வாங்காதீர்கள், கோஹிபா என்று இல்லை, எதையுமே. பெட்டியாக வாங்க அமெரிக்க அதிபர் கென்னடிக்கு இருந்த மாதிரி ஒரு காரணம் இருக்க வேண்டும். 1962 பிப்ரவரியில் கியூபா மீதான வர்த்தகத் தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிங்கரை அனுப்பி, எச். அப்மன் சிகார் ஓர் ஆயிரம் வாங்கி வரச் சொன்னார், மறுநாள் காலை 1,200 சிகார் வந்து சேர்ந்த பிறகுதான் கையெழுத்தே போட்டார் என்று சாலிங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை, கடை நாளைக்கும் திறந்திருக்கும்.

ஒற்றை ஒற்றையாக வாங்குங்கள், ஒவ்வொரு வகையிலும் இரண்டு. ஒன்றை இப்போது பிடியுங்கள், இன்னொன்றை மூன்று மாதம் கழித்து. ஒரே சிகார் வேறு வேளையில், வேறு சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவு மாறுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

எந்த வகை என்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம். நடுவில் ஃபில்லர், அதைக் கட்டிப் பிடிக்கிற பைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே அழகான ராப்பர் இலை. ஃபில்லரில் செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய ‘லிகேரோ’ இலை காரமானது, மெதுவாக எரியும். நடுச்செடியின் ‘செகோ’ மணத்துக்கு. அடியிலிருக்கும் ‘வொலாடோ’ சீராக எரிவதற்கு. சிகாரின் காரம் பெரும்பாலும் இந்தக் கலவையில்தான் இருக்கிறது, மேலே தெரியும் நிறத்தில் இல்லை. கருப்பாக இருந்தால் பயங்கர ஸ்ட்ராங், வெளுப்பாக இருந்தால் லைட் என்று லவுஞ்சில் யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மதுரோ என்கிற கருத்த இலை கூடுதல் நாள் புளிக்க வைத்ததால் கருத்தது, பல சமயம் லேசான இனிப்புதான் தட்டும். வெளிர் பழுப்பில் இருக்கிற கனெக்டிகட் ஷேட், துணிப் பந்தலுக்கு அடியில் நிழலில் வளர்ந்தது. அதே விதையை ஈக்வடாரில் போட்டு, அங்கே எப்போதும் மூடியிருக்கிற மேகத்தையே பந்தலாக வைத்தும் வளர்க்கிறார்கள்.

அளவுக்கு வருவோம். ரிங் கேஜ் 50 என்றால் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 50 பங்கு தடிமன். 5 அங்குல நீளம், 50 ரிங் உள்ளது ரொபஸ்டோ, பிடித்து முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சர்ச்சில் என்கிற அளவு 178 மில்லிமீட்டர் நீளம், புதிதாகப் பழகுகிறவருக்குப் பாதியிலேயே தலை சுற்றும். அதனால் உங்கள் முதல் சேகரிப்பில் ரொபஸ்டோவும் அதைவிடச் சிறியதும் மட்டும் போதும், அறுபது ரிங் தடியன்களைத் தொடவே வேண்டாம்.

பெயர் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் என் பட்டியல் இது, வேறு ஒருவர் வேறு பட்டியல் தருவார். மென்மையில் தொடங்க ஆஷ்டன் கிளாசிக், ஒலிவா கனெக்டிகட் ரிசர்வ். கியூபாவில் ஓயோ டி மான்டெரே எபிகூர் நம்பர் 2, மான்டேகிறிஸ்டோ நம்பர் 4, நேரம் இல்லாத நாளுக்கு எச். அப்மன் ஹாஃப் கரோனா (90 மில்லிமீட்டர்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடாது, ஆனால் படமும் பார்க்க முடியாது). ஆர்டுரோ ஃபுயென்டேயின் ஷார்ட் ஸ்டோரி, கேமரூன் ராப்பரின் ருசிக்காக. கொஞ்சம் பழகிய பிறகு நிகராகுவாவின் பட்ரோன் 1964, ஒலிவா சீரி வி, கியூபாவின் பர்த்தகாஸ் சீரி டி நம்பர் 4. இந்தக் கடைசி மூன்றையும் வெறும் வயிற்றில் பிடிக்காதீர்கள், நிகோடின் ஏறி வியர்த்துக் கொட்டினால் ஏதாவது இனிப்பு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அப்புறம் ஒன்று. 1960-இல் கியூபா அரசு சிகார் தொழிலை எடுத்துக்கொண்டபோது பழைய முதலாளிகள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அதனால்தான் மான்டேகிறிஸ்டோ, ரோமியோ இ ஜூலியெட்டா, பர்த்தகாஸ், எச். அப்மன் எல்லாம் கியூபாவிலும் ஒன்று, டொமினிக்கன் குடியரசிலும் ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு இரண்டாக இருக்கின்றன. ருசியில் அவை உறவே இல்லை. விலைச் சீட்டில் நாடு எது என்று பார்த்து வாங்குங்கள்.

சென்னையில் அபார்ட்மென்ட். சிகாரை ஈரம் மாறாமல் வைக்கிற, மரத்தில் செய்த ஹியூமிடர் பெட்டி ஒன்று ஆன்லைனில் அழகாக இருக்கிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. அது இல்லாமல் முடியாதா? நம் ஊரில்தான் ஈரம் தாராளமாக இருக்கிறதே?
– பெயர் வேண்டாம் (அப்பா இந்தப் பத்திரிகை படிப்பார்), சென்னை

ஈரம் தாராளம்தான், அதுவே தொல்லை. சிகாருக்குத் தேவை 65-லிருந்து 70 சதவீத ஈரப்பதம், 18-லிருந்து 21 டிகிரி வெப்பம். சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் 80-ஐத் தாண்டும், ஏ.சி. போட்டால் 50 பக்கம் இறங்கும், இரண்டுக்கும் நடுவில் தினமும் ஏறி இறங்கினால் ராப்பர் இலை உப்பிச் சுருங்கி ஒரு நாள் பட்டென்று வெடித்துவிடும். நிலையாக வைப்பதுதான் வேலை.

அதற்கு அந்த அலங்காரப் பெட்டி தேவையில்லை. மலிவு விலை ஹியூமிடர்களில் பாதிக்கு மூடி சரியாக உட்காராது, கண்ணாடி மூடி வைத்தது இன்னும் மோசம், கூடவே ஒட்டித் தருகிற முள் வைத்த ஈரமானியை நம்புவதற்குக் கிளி ஜோசியம் பார்க்கலாம். சமையலறையில் நான்கு பக்கமும் கொக்கி போட்டு, சிலிக்கான் வளையத்தோடு மூடுகிற பிளாஸ்டிக் டப்பா இருக்கும் பாருங்கள், அதில் புதிதாக ஒன்று வாங்குங்கள். மசாலா வைத்த பழைய டப்பா வேண்டாம், கழுவினாலும் போகாது, சிகார் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் திறந்து வைத்து வாசனை போன பிறகு, சிகார் கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்கி அதன் மரத் தகடுகளை உள்ளே போடுங்கள். அது ஸ்பானிஷ் செடார், பெயரில்தான் செடார், உண்மையில் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஈரத்தை வாங்கி வாங்கி விடும், பூச்சிக்கும் அந்த வாசம் அவ்வளவாகப் பிடிக்காது.

ஈரத்துக்கு போவேடா பாக்கெட். 65 சதவீதம் என்று போட்டது, 60 கிராம் அளவு, 25 சிகாருக்கு ஒன்று என்ற கணக்கு. அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் விடும், பாக்கெட் உள்ளே கெட்டியாகி மொறுமொறுப்பானால் மாற்றிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்த பஞ்சு, ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்கு என்று பெரியவர்கள் சொல்லும் வித்தையெல்லாம் பூசணத்துக்கு அழைப்பிதழ்.

சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கிப் போடுங்கள், போடும் முன் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, ஈரமானியோடு ஒரு ஜிப் பைக்குள் வைத்து ஓர் இரவு விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் கருவி நான்கு குறைவாகச் சொல்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிற்பாடு மர ஹியூமிடர் வாங்கினால், காய்ந்த மரம் முதலில் சிகாரில் இருக்கிற ஈரத்தையே குடித்துவிடும், அதனால் 84 சதவீத போவேடாவைப் போட்டு இரண்டு வாரம் காலியாக மூடி வைத்துப் பிறகு அடுக்குங்கள், அதற்கப்புறம் 69 சதவீத பாக்கெட்.

வெப்பம்தான் நம் ஊரில் தீராத பிரச்சினை. பீரோவின் அடித்தட்டு, வெளிச்சுவரைத் தொடாத அலமாரி, ஏ.சி. ஓடுகிற படுக்கையறை, இப்படி வீட்டிலேயே குளிர்ந்த மூலையைத் தேடுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது: நம் வீட்டு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் குளிர வைப்பதோடு காயவும் வைக்கும், அதோடு பக்கத்தில் இருக்கிற சாம்பாரின் வாசனையும் ஏறும். வசதி இருந்தால் சின்ன வைன் கூலர் வாங்கி 18, 20 டிகிரியில் வைக்கலாம், சேகரிப்பு ஐம்பதைத் தாண்டும்வரை அதற்கு அவசியம் இல்லை.

டப்பாவைத் திறந்தால் இரண்டு சிகாரில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, கீழே பழுப்புப் பொடி. என்ன இது?
– கே. பி., கோவை

புகையிலை வண்டு. முட்டை இலையோடேயே வந்திருக்கும், 24 டிகிரியைத் தாண்டி வெப்பம் நிலைத்தால் பொரித்துக்கொண்டு, உள்ளேயிருந்து தின்றபடி வெளியே வரும். ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். மற்றவை நன்றாக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் விடாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு ஜிப் பைக்குள் காற்றை வெளியேற்றி மூடி, முதல் நாள் ஃப்ரிட்ஜில், பிறகு மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃப்ரிட்ஜில், கடைசியில் பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு. நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் ராப்பர் பிளந்துவிடும். அதற்குள் டப்பாவைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள், மரத் தகட்டையும் மாற்றிவிடுங்கள். கியூபா சிகார் ஏற்றுமதிக்கு முன்பே உறைய வைக்கப்பட்டுத்தான் வருகிறது, ஆனாலும் கொண்டுவருகிற வழியில், கடையில் எங்கே எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஓட்டை இல்லாமல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி படிந்திருந்தால் அது பூசணம். அதை ‘வயதான சிகாரின் பூ’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

தெரிந்தவர் ஒருவர் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா, கடை விலையில் கால் பங்குக்குத் தருகிறார். ‘ஃபேக்டரியிலிருந்து நேரடி’ என்கிறார்.
– எம். ஜெ., பெங்களூர்

அந்தக் கண்ணாடி மூடியே போதும், போலி. கோஹிபாவின் வழக்கமான பெட்டிகள் கண்ணாடி மூடியோடு வருவதே இல்லை. உண்மையான கியூபா பெட்டியின் அடியில் ‘ஹெச்சோ என் கூபா’ என்று சூடு போட்ட முத்திரை, ‘டோட்டல்மென்டே அ மானோ’ என்ற வரி, தொழிற்சாலைக் குறியீடு, கட்டிய மாதமும் வருடமும் இருக்கும்; வெளியே பச்சை வெள்ளை உத்தரவாதச் சீட்டு, அதில் எண். இதையெல்லாம் அச்சடிக்கத் தெரிந்த ஆட்களும் உண்டு என்பதால், பெட்டியைவிட விற்கிற ஆளைப் பார்ப்பது உசிதம். கால் விலைக்குக் கோஹிபா தருகிற தொழிற்சாலை உலகத்தில் கிடையாது சார்.

நம் திருச்சி, திண்டுக்கல் சுருட்டையும் இந்த டப்பாவிலேயே சேர்த்து வைக்கலாமா? தாத்தா உறையூர் சுருட்டுதான் பிடிப்பார்.
– ச. மு., மணப்பாறை

தனி டப்பாவில். வெள்ளைக்காரன் காலத்தில் ‘ட்ரிச்சினாப்பொலி’ என்ற பேரில் லண்டன் வரை கப்பலேறிய சரக்கு அது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அதைப் பிடித்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், அதை விடுங்கள். இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும், கட்டர் கூட வேண்டாம். வாசமும் காரமும் கூடுதல், பக்கத்தில் ஒரு மாதம் வைத்தால் உங்கள் ஆஷ்டனும் கருப்பசாமிக்குப் படைத்த மாதிரி மணக்கும். ஆனால் சேகரிப்பில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். நிகராகுவாவின் எஸ்டெலி, கியூபாவின் புவெல்டா அபாஹோ என்று மண்ணின் பேரைச் சொல்லிச் சிலாகிக்கிற நாம், காவிரிக் கரையில் உட்கார்ந்து கையால் சுருட்டியதை ஏழைச் சரக்கு என்று ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை. யாழ்ப்பாணச் சுருட்டு கிடைத்தால் அதையும் வையுங்கள், அதற்கும் இன்னொரு டப்பா.

என் கணவர் இப்போது சிகார் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். ‘சிகரெட் மாதிரி புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் செய்யாது’ என்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, ஈரோடு

இல்லை. உள்ளே இழுக்காவிட்டாலும் சிகார் புகையின் நிகோடின் வாய் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சிகாராலும் வருகின்றன. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் மூக்கில் ஏறுகிற புகையும் சும்மா இல்லை, அதனால் வீட்டுக்குள் வேண்டாம், குழந்தை இருக்கிற வீட்டில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் பிடிக்கிறவன்தான், அதனால் உபதேசம் செய்ய எனக்கு வாய் இல்லை, ஆனால் ‘ஒன்றும் செய்யாது’ என்பது பொய். சேகரிப்பதால் ஒரு லாபம் உண்டு: நல்லதாக வைத்திருக்கிறவர் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ள முடியும். உங்கள் கணவர் தினமும் ஒன்று என்று போனால் அதற்குப் பெயர் சேகரிப்பு இல்லை.

சிங்கப்பூருக்குத் திரும்பும்போது ஐந்தாறு சிகார் கொண்டுவந்தால் பிரச்சினையா?
– வி. டி., சிங்கப்பூர்

சிங்கப்பூரில் புகையிலைக்கு வரியில்லாச் சலுகை என்பதே கிடையாது, ஒரே ஒரு சிகாராக இருந்தாலும் சாங்கியில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். பச்சை வழியில் நழுவப் பார்த்தால் அபராதம் சிகாரைவிட அதிகம். இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு 25 சிகார் வரை வரியில்லை. ஆனால் அதே பையில் சிகரெட்டும் 100 வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

வைத்திருந்தால் வைன் மாதிரி ருசி ஏறிக்கொண்டே போகுமா?
– ஆர். கே., நாகர்கோவில்

எல்லாம் ஏறாது. காரமான, லிகேரோ நிறைய உள்ள சிகார் ஓரிரு வருடத்தில் அமைதியாகும், புதிதில் அடிக்கிற அமோனியா நெடி போய்விடும். மென்மையான கனெக்டிகட் வகையை ஐந்து வருடம் வைத்தால் வைக்கோல் ருசிதான் மிஞ்சும். புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரம் டப்பாவில் ஓய்வெடுக்க விடுங்கள், அது மட்டும் எல்லா வகைக்கும் பொருந்தும். எது எப்போது வாங்கியது என்று சின்னச் சீட்டு ஒட்டுங்கள், ஒரு வருடத்தில் நிச்சயம் மறந்துவிடும். மேலிருக்கிற செலோஃபேன் உறையைக் கழற்றவா வேண்டாமா என்று ஒரு தனிச் சண்டையே நடக்கிறது. அதில் ஈரம் போய்வரும், வண்டு வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதும் தாமதமாகும், அதனால் நான் கழற்றுவதில்லை.

கட்டர் எது நல்லது?
– டி. எல்., வேலூர்

இரண்டு பக்கமும் கத்தி உள்ள சாதாரண கில்லட்டின். தலைப்பக்கம் ஒட்டியிருக்கிற தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள், அதற்குக் கீழே போனால் ராப்பர் அவிழ்ந்துவிடும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், பியூட்டேன் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடிந்த பிறகு பக்கத்தில் கொண்டு போங்கள்.